பால்புதுமையினருக்கு மனநல உதவி: எந்தக் கதவைத் தட்டுவது?

தமிழ்நாட்டில் பால்புதுமையினருக்கு, அதாவது ஒரு தன்பாலீர்ப்பாளருக்கோ திருநருக்கோ, மனம் சரியில்லை என்றால் உதவி தேடிப் போக இன்று ஐந்து வழிகள் இருக்கின்றன. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு, தனியார் மனநல மருத்துவர், பால்புதுமையினரின் வாழ்க்கையைத் தெரிந்து வேலை செய்யும் ஆலோசகர், பால்புதுமையினரே நடத்தும் ஆதரவுக் குழு, தொலைபேசி உதவி எண். எல்லாம் ஒரே உதவிதான், இடம்தான் வேறு என்று நினைத்து, ஒன்றில் மனம் நொந்ததும் மற்றவற்றையும் சேர்த்துக் கைவிட்டுவிடுகிறவர்கள் உண்டு. அதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. ஒவ்வொன்றும் செய்யக்கூடிய வேலை வேறு. எதற்கு எங்கே போவது என்று தெரிந்தால் பாதி அலைச்சல் மிச்சம்.

ஆறாவதாக ஒரு வழியும் இருக்கிறது. அதை இங்கேயே தள்ளிவிடலாம். 'மாற்றிக் காட்டுகிறேன்' என்பவர்களைச் சொல்கிறேன். மாத்திரை, மின் அதிர்ச்சி, பெண்ணை நினைத்துப் பழகச் சொல்லும் 'பயிற்சி', மந்திரித்த கயிறு, கடைசியில் 'கல்யாணம் பண்ணி வைங்க, சரியாப் போயிடும்' என்ற அறிவுரை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று நீக்கியது. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் இது நோயல்ல என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று வழங்கிய உத்தரவு, பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதையே தடை செய்தது. அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் இதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அதாவது, மாற்றித் தருகிறேன் என்று ஒரு டாக்டர் சொன்னால் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொள்பவர்களுக்கு இந்தக் கடிவாளம் நடைமுறையில் இல்லை. அங்கேதான் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

இனி, ஐந்தையும் எதை வைத்து ஒப்பிடுவது? கட்டணம், தூரம், காத்திருக்கும் நேரம் எல்லாம் முக்கியம்தான். ஆனால் நான் முதலில் பார்ப்பது, எதிரே உட்கார்ந்திருப்பவர் வந்தவரை முழு மனிதராகப் பார்க்கிறாரா என்பதை. இதில் தவறுவதற்கு இரண்டு விதம் உண்டு. எல்லாத் துன்பத்துக்கும் பாலீர்ப்பே காரணம் என்று பிடித்துக்கொள்வது ஒன்று. அதைப் பற்றிப் பேசவே பேசாமல் ஒதுக்கிவிடுவது இன்னொன்று.

இரண்டாவது தவறு கண்ணியமான முகத்தோடு வரும். 'எனக்கு எல்லாரும் ஒண்ணுதான், நான் வித்தியாசம் பார்க்கிறதில்லை' என்பார் ஆலோசகர். நல்ல எண்ணத்தில்தான் சொல்வார். ஆனால் 28 வயது இளைஞர் ஒருவர், நாலு வருடம் உடனிருந்த காதலனைப் பிரிந்து, அதை வீட்டில் சொல்ல முடியாமல், அதே வாரத்தில் பெண் பார்க்கப் போக வேண்டிய நிலையில் வந்து உட்கார்ந்தால், அவருக்கும் மற்றவருக்கும் வித்தியாசம் இருக்கிறது. துக்கம் விசாரிக்க அவருக்கு ஆள் கிடையாது. அழுதால் காரணம் சொல்ல வேண்டும். அவரிடம் 'நேரத்துக்குத் தூங்குங்க, மொபைலைக் குறைங்க' என்று சொல்லி அனுப்பினால் அவர் திரும்பி வரமாட்டார். சிறுபான்மையினரின் மீது சமூகம் ஏற்றும் சுமை, அவர்களுடைய மனநலத்தை எப்படி அரிக்கிறது என்பதை 2003இல் இலான் மேயர் என்ற ஆய்வாளர் விளக்கமாக எழுதினார். ஒதுக்கப்படுவது, ஒதுக்கப்படுவோமோ என்ற பயம், மறைத்து வாழ்வது, தன்னையே வெறுப்பது எல்லாம் அன்றாட வாழ்க்கையின் சுமைக்கு மேல் கூடுதலாக ஏறுபவை. இதைக் கணக்கில் எடுக்காத சிகிச்சையில் அன்பு இருக்கலாம், ஆனால் அது பாதி சிகிச்சைதான்.

இந்த இடத்தில் அந்த 2021 வழக்கை மறுபடி சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு பெண்களின் வழக்கு அது. தீர்ப்பு எழுதுவதற்கு முன், இந்த விஷயத்தில் தனக்குப் போதிய புரிதல் இல்லை என்று நீதிபதியே வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். ஒரு நீதிபதி படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது என்று நினைத்ததை, மனநலமே தொழிலாக உள்ளவர் பொதுவான நல்லெண்ணத்தை வைத்துச் சமாளித்துவிட முடியாது.

அரசு மருத்துவமனைக்கு வருவோம். இதன் பெரிய பலம், காசு வேண்டாம் என்பது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் சென்னைக்கு வெளியிலும் மருத்துவர் கிடைக்கிறார். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794 முதல் இயங்கி வருகிறது. மனச்சோர்வு கடுமையாகி, சாப்பாடு இறங்காமல், எழுந்திருக்க முடியாமல் போனாலோ, குரல்கள் கேட்டாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தாலோ, முதலில் போக வேண்டிய இடங்களில் இது ஒன்று. தயங்கவே வேண்டாம். குறை என்னவென்றால் நேரம். ஓ.பி. வரிசையில் மணிக்கணக்கில் நின்று, உள்ளே சில நிமிடங்கள். பயிற்சி மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு முறையும் கதையை முதலிலிருந்து சொல்ல நேரும். பக்கத்தில் இன்னொரு நோயாளி நிற்கும்போது யார்தான் மனம் திறப்பார்? திருநங்கையோ திருநம்பியோ என்றால் ஆண் வரிசையா பெண் வரிசையா என்ற இடத்திலேயே அவமானம் தொடங்கிவிடக்கூடும். அதே நேரம், திருநரின் உடலை அவர்களுடைய பாலினத்துக்கு ஏற்ப மாற்றும் அறுவை சிகிச்சையை அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்த மாநிலமும் இதுதான். 2008லேயே திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்ததும் இங்கேதான். அதனால் அரசு மருத்துவமனையை ஒரேயடியாக ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மருந்துக்கு அங்கே போகலாம், பேச்சுக்கு வேறு இடம் வைத்துக்கொள்ளலாம்.

தனியார் மனநல மருத்துவரிடம் நேரம் கொஞ்சம் அதிகம் கிடைக்கும், அதே டாக்டரைத் தொடர்ந்து பார்க்கலாம். சின்ன ஊர்களில் வேறொரு சிக்கல். கிளினிக் கடைவீதியில் இருக்கும், டாக்டர் அப்பாவுக்குத் தெரிந்தவராக இருப்பார். பதினெட்டு வயது நிறைந்தவர் சொன்னதை அவருடைய சம்மதம் இல்லாமல் வீட்டாரிடம் சொல்லக்கூடாது என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில விதிவிலக்குகள்தான் அதில் உண்டு. அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு, பாலீர்ப்பின் பெயரால் பாகுபாடு இல்லாத சிகிச்சையை உரிமையாகவே எழுதிவைத்திருக்கிறது. ஆனாலும் 'டாக்டர், இது அம்மா அப்பாவுக்குப் போகாது இல்லையா?' என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. பதில் இழுபட்டால் பக்கத்து ஊர் டாக்டரைப் பாருங்கள்.

மருந்து விஷயத்தில் பலர் சொல்லத் தயங்கும் ஒன்று இருக்கிறது. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் பரவலாகத் தரப்படும் செர்ட்ரலின், எஸ்சிடலோப்ராம் போன்ற மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். சிலருக்குப் பாலுறவு நாட்டத்தையும் குறைக்கும். திருமணமானவரிடம் டாக்டர் இதைச் சாதாரணமாக விசாரிப்பார். 'கல்யாணம் ஆகலை' என்று சீட்டில் எழுதியிருந்தால் கேட்கவே மாட்டார். நோயாளியும் வாய் திறக்கமாட்டார். கடைசியில் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிடுவார், திடீரென்று நிறுத்துவதால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரும், நோய் திரும்பும். மருந்தை மாற்றியோ அளவைக் குறைத்தோ சரிசெய்திருக்கக்கூடியதுதான். திருநர் ஒருவர் ஹார்மோன் எடுக்கிறாரா, எச்.ஐ.வி. மருந்து எடுக்கிறவர் மனம் தளர்ந்து வேளை தவறுகிறாரா என்பதெல்லாம் இதே வகைதான். டாக்டரிடம் தன் வாழ்க்கையைச் சொல்ல முடிகிறவருக்கு மருந்துச் சீட்டே சரியாக அமைகிறது. எச்.ஐ.வி. பரிசோதனைக்காக அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பும் டாக்டர், கூடவே 'வீட்ல யார்கிட்டயாவது பேச முடியுதா?' என்றும் கேட்டால் அவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆலோசகர்களில் பால்புதுமையினரின் பக்கம் நின்று வேலை செய்கிறவர்கள்தான் என் முதல் தேர்வு. உடனடி ஆபத்து இல்லாத, பேசித் தீர்க்க வேண்டிய எதற்கும் இவர்களைத்தான் சொல்வேன். மும்பையின் மாரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் சில வருடங்களாக இதற்கென்றே ஒரு பயிற்சி நடத்துகிறது. பால்புதுமையினரான மனநலப் பணியாளர்களே அதை வடிவமைத்துச் சொல்லித்தருகிறார்கள். இப்படிப் பயின்றவரிடம் போனால் அகராதி போல ஒவ்வொரு வார்த்தைக்கும் நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டில் சொல்வதா வேண்டாமா என்று அவர் அவசரப்படுத்தமாட்டார். சம்பளம் உங்கள் கையில் இருக்கிறதா, சொன்னால் வீட்டைவிட்டுத் துரத்துவார்களா, சாதி விட்டுச் சாதி நேசித்ததும் சேர்ந்துகொண்டதா, பக்திமானான உங்களுக்குக் கோயிலையோ சர்ச்சையோ பள்ளிவாசலையோ இழந்துவிடுவோமோ என்ற பயம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார். அலுவலகத்தில் மேலாளரோடு வந்த சண்டையைப் பற்றிப் பேசப் போனால் அதைப் பற்றி மட்டும் பேசவும் அவருக்குத் தெரியும்.

கட்டணம்தான் இடிக்கிறது. நகரங்களில் ஓர் அமர்வுக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய் ஆவது சாதாரணம். ஒரு முறை போனால் போதாது. வருமானத்துக்கு ஏற்பக் குறைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். இன்னொரு குறை, தமிழில் பேசுகிறவர்கள் கம்மி. ஆங்கிலத்தில் அழ முடியாதவர்களுக்கு இது பெரிய தடை. ஆன்லைனில் பார்ப்பது தூரத்தைக் குறைக்கும், ஆனால் ஒரே அறை வீட்டில் எங்கே உட்கார்ந்து பேசுவது? மொட்டை மாடியிலும் பூங்கா பெஞ்சிலும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டியே சொன்னால், வீட்டில் யாராவது வரும்போது பேச்சை மாற்ற ஒரு சங்கேதச் சொல்லை ஆலோசகர் ஏற்பாடு செய்துகொள்வார்.

யாரைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் அழைப்பிலேயே ஒரு கேள்வி கேளுங்கள்: 'என் பெற்றோர் வந்து என்னை மாற்றச் சொன்னால் அவர்களுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?' பட்டம், பயிற்சி, அனுபவம் பற்றிய கேள்விகளுக்கு எல்லாரும் பதில் தயாராக வைத்திருப்பார்கள். இதற்கு நேராகப் பதில் சொல்கிறவரை நம்பலாம்.

ஆதரவுக் குழுக்கள் சிகிச்சை தருவதில்லை. ஆனால் சிகிச்சையில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது. தன்னைப் போன்ற ஒருவர் நாற்பது, ஐம்பது வயதிலும் நன்றாக இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். சென்னையில் சகோதரன் என்ற அமைப்பு 1998 முதல் இருக்கிறது. ஓரினம் 2003இல் சிறிய குழுவாகத் தொடங்கி, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்து, சந்திப்புகள் என்று வளர்ந்தது. பால்புதுமையினர் தாங்களே போய்ப் பார்த்துப் பரிந்துரைத்த மனநல நிபுணர்களின் பட்டியலையும் அது தொகுத்திருக்கிறது. நல்ல டாக்டர் தேடுகிறவர்கள் அதிலிருந்தே தொடங்கலாம். பெற்றோருக்கென்று ஸ்வீகார் போன்ற குழுக்கள் உண்டு. மகனை எப்படி மாற்றுவது என்று கேட்டு வரும் ஓர் அம்மாவிடம், அதே வலியைக் கடந்த இன்னொரு அம்மா பேசினால் எடுபடும் அளவுக்கு எந்த நிபுணர் பேச்சும் எடுபடாது என்பது என் கருத்து. குழுக்களின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். அங்கே இருப்பவர்கள் தன்னார்வலர்கள், அவர்களுக்கும் களைப்பு உண்டு. சின்ன வட்டம் என்பதால் ரகசியம் கசியும் பயமும் நியாயமானதே. தற்கொலை எண்ணத்தோடு இருப்பவரைக் குழுவின் தோளில் மட்டும் சாய்த்துவிடக்கூடாது.

அதற்குத்தான் தொலைபேசி. மத்திய அரசின் டெலி மானஸ் 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும், தமிழிலும், இலவசமாகப் பேசலாம். சென்னையில் சினேகா 1986 முதல் தற்கொலைத் தடுப்புப் பணியில் இருக்கிறது. எடுப்பவர் யார் என்பதைப் பொறுத்துப் புரிதல் கூடும் குறையும். தவறாக யாராவது பேசினால் வைத்துவிட்டு மறுபடி கூப்பிடுங்கள், வேறொருவர் எடுப்பார். அந்த இரவைத் தாண்டவைப்பதுதான் இதன் வேலை, அந்த வேலையை இது செய்கிறது.

அப்புறம், எந்த வழியில் போனாலும் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டிய ஒரு காரியம். உள்நோயாளியாகச் சேர வேண்டிய நிலை வந்தால் உங்கள் சார்பில் யார் பேசுவார்? ஒன்றும் எழுதி வைக்காவிட்டால் அந்த இடம் பெரும்பாலும் உறவினருக்குத்தான் போகும். உங்களைப் பூசாரியிடம் கூட்டிப்போன அதே உறவினராகவும் அவர் இருக்கலாம். ஒரே பாலினத் திருமணத்துக்கு 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் தர மறுத்துவிட்டதால் துணைவருக்குத் தானாக எந்த உரிமையும் வராது. ஆனால் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வயது வந்த யாரும் தனக்கென்று ஒரு பிரதிநிதியை நியமித்துக்கொள்ளலாம். அவர் துணைவராக இருக்கலாம், தோழியாக இருக்கலாம், ரத்த உறவு வேண்டியதில்லை. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நியமிக்கலாம், நியமிக்கப்படுபவரும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும். திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி அல்ல என்று 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. எழுதிய தாளின் ஒரு பிரதியை நீங்கள் நியமித்தவரிடம் கொடுங்கள், இன்னொன்றை உங்களைப் பார்க்கும் டாக்டரின் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள்.