வரப்புக்கு ஏற்ற தைலமரம்: ஊட்டி மரமா, எலுமிச்சை வாச மரமா?

பல்லடம் பக்கத்துச் செம்மண் தோட்டத்தின் மேற்கு வரப்பில், இலையின் வாசத்துக்காகவே சில தைலமரங்கள் வைக்க முடிவு செய்தபோது எங்கள் முன் இரண்டு வகைகள் இருந்தன. ஒன்று, நீலகிரித் தைலத்துக்குப் பெயர்போன யூகலிப்டஸ் குளோபுலஸ். மற்றொன்று, எலுமிச்சை மணம் வீசும் சிட்ரியோடோரா. புகழூர், பள்ளிபாளையம் காகித ஆலைகளை நம்பி வளர்க்கப்படும் தைலமரங்கள் கட்டைக்கானவை என்பதால் அவற்றை இங்கே சேர்க்கவில்லை. நாங்கள் நட்டது சிட்ரியோடோராவை. இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

தட்பவெப்பத்தைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. குளோபுலஸ் டாஸ்மேனியாவின் குளிரில் பிறந்த மரம். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊட்டியில் செழிப்பது, 400 மீட்டர் அளவில் உள்ள கோவைச் சமவெளியின் சித்திரை வெயிலில் தவித்துப்போகும். சிட்ரியோடோரா ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தைச் சேர்ந்தது. நம் வெயிலுக்கு அது அஞ்சாது. கோத்தகிரியில் நிலம் உள்ளவர்கள் இந்த முடிவைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளலாம்.

பயன்பாட்டில் குளோபுலஸுக்கு ஒரு தெளிவான மேன்மை உண்டு. அதன் எண்ணெயில் சினியோல் மிகுதி. சளி பிடித்தால் மூக்கைத் திறந்துவிடும் அந்தக் காரமான மணம் சினியோலுடையது. சிட்ரியோடோராவில் மேலோங்கி நிற்பது எலுமிச்சை மணம் தரும் சிட்ரோனெல்லால். ஆகவே ஆவி பிடிக்க எங்கள் வீட்டிலும் ஊட்டித் தைலம்தான் இருக்கிறது. ஆனால் துணி அடுக்கில் வைக்கவும், மாலையில் மாடு கட்டும் கட்டுத்தரையில் புகை போடவும் எலுமிச்சை வாச இலைக்கு ஈடு இல்லை. கொசு விரட்டிகளில் சேர்க்கும் பி.எம்.டி. என்ற பொருளும் இந்த மரத்து எண்ணெயைப் பக்குவப்படுத்தி எடுப்பதுதான். பக்குவப்படுத்தாத எண்ணெய் அந்த அளவு நேரம் காக்காது. எந்தத் தைலமானாலும் உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது, குழந்தைகளின் கைக்கு எட்டவும் கூடாது.

எல்லாவற்றையும்விட முடிவைத் தீர்மானிப்பது கவாத்துதான், அதாவது மரத்தை வெட்டி அடக்கி வளர்ப்பது. தைலமரம் விட்டால் வானத்துக்கு ஓடிவிடும். அதன்பின் வாசம் முழுவதும் தலைக்கு மேல் நிற்க, கைக்கு எட்டுவது வழுவழுப்பான வெள்ளைத் தண்டு மட்டுமே. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்றில் உயர்ந்த மரத்தின் கிளை முறிந்து விழும் அபாயமும் சேர்கிறது. சிட்ரியோடோராவின் பெரும் நன்மை, வெட்ட வெட்ட, வெட்டிய தண்டிலிருந்து மறுதாம்பு (புதுத் துளிர்) விட்டுத் தழைப்பது. தண்டு கை கனத்துக்கு வந்ததும் இடுப்பளவில், மழைநீர் வழிந்துவிடும்படி சாய்வாக வெட்ட வேண்டும். ஆடிக் காற்று ஓய்ந்த புரட்டாசியே இதற்கு ஏற்ற மாதம். ஐப்பசி மழையில் துளிர் தள்ளிக்கொண்டு வரும். வரும் துளிர்கள் அனைத்தையும் விட்டுவைக்காமல் நான்கைந்தை மட்டும் நிறுத்தி மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளியவையே முதல் இலை அறுவடை. நிறுத்துபவற்றைக் காற்று வரும் மேற்குப் பக்கமாகப் பார்த்துத் தேர்ந்தால், காற்று அவற்றைத் தண்டோடு சேர்த்தே அழுத்தும். கிழக்குப் பக்கத்துத் துளிரோ அடியோடு பிய்ந்துகொள்ளும். இந்த வேலையை ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் செய்ய முடியாதவர்கள் வாசத்துக்காகத் தைலமரம் வைக்காமல் இருப்பதே நல்லது.

எண்ணெய் வடித்து விற்பதைப் பற்றி அனுபவத்தில் பேச எனக்குத் தகுதியில்லை. நாங்கள் இலையாகவே பயன்படுத்துகிறோம். பச்சை இலையின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில்தான் எண்ணெய் கிடைக்கும் என்பதால், வரப்பு மரங்களை நம்பி வடிகலன் வாங்குவது கட்டுபடியாகாது என்பது என் கணிப்பு.

நிலத்தடி ஈரத்தை இம்மரம் நன்றாக இழுக்கும். கிணற்றோரமும் தென்னை வரிசையின் அருகும் வேண்டாம். நாற்றுப் பண்ணையில் எல்லாவற்றையும் தைலக்கன்று என்றே கொடுப்பார்கள் என்பதால், ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தே வாங்க வேண்டும். சிட்ரியோடோராவின் இளங்கன்று இலை சொரசொரவென்று ரோமத்துடன் இருக்கும். எலுமிச்சை மணம் உடனே விரலில் ஒட்டிக்கொள்ளும். குளோபுலஸ் கன்றின் இலையோ சாம்பல் பூத்த நீல நிறத்தில், காம்பில்லாமல் எதிரெதிராக அமைந்திருக்கும்.