பஃபலோவா, எட்மண்டனா?

நகரின் மையத்தில் ஐஸ் ஹாக்கியை வைத்து ஒரு வட்டாரத்தையே கட்டுவதில் ரெண்டு வழி இருக்கிறது.

அமெரிக்காவில் பஃபலோ நகரின் ஹார்பர்சென்டர் வளாகம் 2014இல் திறந்தது, வெறும் கார் நிறுத்துமிடமாகக் கிடந்த இடம். இப்போதும் கீழே கார்கள்தான், ஆனால் ஆறாவது மாடியில் ரெண்டு ஐஸ் ரிங்க், ஒன்றில் சுமார் 1,800 பேர் உட்காரலாம், ஒட்டியே மேரியட் ஹோட்டல், தெருமட்டத்தில் டிம் ஹார்ட்டன்ஸ் காபிக்கடை (கடைக்குப் பெயர் தந்த ஹாக்கி வீரர் ஹார்ட்டன் கடைசியாக ஆடியது பஃபலோ அணிக்குத்தான்!). தன் உயரத்துக்கு ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பத்து வயசுப் பையன் லிஃப்டில் ஏறுவான், அப்பா காபியோடு பின்னால் போவார். போட்டிக்கு வரும் குடும்பத்துக்கு எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

கனடாவில் எட்மண்டன் நகரின் ஐஸ் டிஸ்ட்ரிக்ட் வட்டாரம் வேறு ரகம். 2016இல் திறந்த ரோஜர்ஸ் பிளேஸ் ஹாக்கி அரங்கில் 18,000க்கும் மேல் இருக்கைகள், பக்கத்தில் 251 மீட்டர் உயரத்தில் ஸ்டான்டெக் டவர், அதில் அலுவலகமும் வீடுகளும். அரங்குக்கு நகராட்சிப் பணமும் நிறையப் போனது. ஊர்க்காரர்கள் ஆட ஒரு சின்ன ரிங்க் ஒட்டியே இருக்கிறது, சரி, ஆனால் வட்டாரமே ஆட்டம் பார்க்க வருபவர்களுக்கானது.

எனக்குப் பஃபலோதான். எட்மண்டன் அணியான ஆயிலர்ஸின் ஆட்டம் பார்க்கணும் என்றால் மட்டும் எட்மண்டன்.