ஆறு மாதத்தில் பேச வைக்கிறோம் என்று சொன்னால் முன்பணம் கட்டாதீர்கள்

சென்னையில் பெரம்பூர், மூலக்கடை, கொளத்தூர் பக்கம் ஆட்டிசம் உள்ள சின்னக் குழந்தைக்குத் தெரபி சென்டரோ பிளே ஸ்கூலோ தேடிக்கொண்டிருக்கும் அம்மா அப்பாக்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நாங்கள் 90,000 ரூபாய் கட்டி ஏழு மாதத்தையும் இழந்திருக்கிறோம். பணம் போனதுகூட ஒரு பக்கம், அந்த ஏழு மாதத்தை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் மகனுக்கு இரண்டே முக்கால் வயதில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் பார்த்து ஆட்டிசம் என்று சொன்னார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பானை மேல் வைப்பான், பேசிக்கொண்டிருந்த நாலைந்து வார்த்தையும் ஒன்றரை வயதுக்குப் பிறகு நின்றுவிட்டது. பேச்சுப் பயிற்சியும் ஆக்குபேஷனல் தெரபியும் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் பயிற்சி) தள்ளிப்போடாமல் தொடங்கச் சொன்னார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து வாரம் மூன்று நாள், கூட்டத்தைக் கண்டால் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையோடு எப்படிப் போய் வருவது என்று மலைத்துப்போய், கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிற இடமாகத் தேடினோம். அப்படிக் கிடைத்ததுதான் அந்த சென்டர். கீழே பிளே ஸ்கூல், மாடியில் தெரபி. “மத்த பசங்களோட சேர்ந்து உக்காருவான், நடுவுல மேல வந்து தெரபி எடுத்துக்குவான், ஆறே மாசத்துல பேசிடுவான்மா, நான் கேரண்டி” என்றார் நடத்துகிறவர். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன். ஆறு மாதத் தெரபிக்கு 72,000, ஸ்கூலுக்கு 18,000, மொத்தமாகக் கட்ட வேண்டும். என் வளையல் இரண்டையும் அடகு வைத்துக் கட்டினோம். கையில் கொடுத்தது ஒரு துண்டுச் சீட்டு, எதற்காக வாங்கிய பணம் என்று அதில் ஒரு வரி கிடையாது.

முதல் நாளே கதவைச் சாத்திவிட்டார்கள். பெற்றோர் உள்ளே இருந்தால் குழந்தை ஒத்துழைக்காதாம். முக்கால் மணி நேரம் நான் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன், உள்ளே அவன் அழுவது கேட்கும், வெளியே வந்ததும் “இன்னைக்கு நல்லா பண்ணான்மா” என்று ஒரே பதில். என்ன செய்தீர்கள், வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்”. வாரத்தில் மூன்று நாள், முக்கால் முக்கால் மணி நேரம் போக மீதி நேரமெல்லாம் அந்தக் குழந்தை நம்மோடுதானே இருக்கிறது? நமக்குக் கற்றுத்தராத தெரபியால் என்ன பயன் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாவது மாதம் பால், கோதுமை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, ஒரு டப்பா பவுடரை 2,400 ரூபாய்க்கு விற்றார்கள். என் பிள்ளை சாப்பிடுவதே தயிர் சாதமும் ஒரே ஒரு வகை பிஸ்கட்டும்தான். இரண்டையும் பிடுங்கிவிட்டால் அவன் எதைச் சாப்பிடுவான்? மூன்று வாரத்தில் ஒன்றரை கிலோ குறைந்துவிட்டான். இந்த உணவுக் கட்டுப்பாட்டால் ஆட்டிசம் குறையும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று குழந்தை மருத்துவர் பிறகு சொன்னார். பாட்டி பேச்சைக் கேட்காமல் தயிரை நிறுத்தினேனே என்று அன்று இரவு அத்தையிடம் சொல்லி அழுதேன்.

நாலாவது மாதம் ஆட்டோ அந்தத் தெருவுக்குத் திரும்பினாலே என் புடவைக்குள் தலையை விட்டுக்கொண்டு தன் கையையே கடிப்பான். பேச்சு வராத குழந்தை வேறு எப்படிச் சொல்லும்? பழகிக்கொள்கிற நேரம் என்றார்கள், நம்பினேன்.

ஐந்தாவது மாதம் முன்னேற்ற அறிக்கை கொடுத்தார்கள், நாலு பக்கம். மூன்றாவது பக்கத்தில் வேறொரு பெண் குழந்தையின் பெயர் இருந்தது. அதே வரிகள், அதே மதிப்பெண், பெயரை மட்டும் மாற்ற மறந்திருக்கிறார்கள். படிக்கட்டில் என்னோடு உட்காரும் இன்னொரு அம்மாவிடம் காட்டினேன், அவர்தான் “ஆர்சிஐ நம்பர் கேட்டீங்களா?” என்றார். தெரபி கொடுப்பவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் வாங்க வேண்டிய பதிவு எண் அது, எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கேட்டதும் நடத்துகிறவர் முகம் மாறிவிட்டது. ஸ்பீச் மிஸ் என்று நாங்கள் கூப்பிட்ட பெண் பி.காம். முடித்துவிட்டு ஏதோ சில நாள் ஆன்லைன் வகுப்பு படித்தவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை, இருபத்திரண்டு வயசுப் பிள்ளை, வேலைக்கு வந்தது.

கீழே ஸ்கூலில் நடந்ததை ஆயாம்மா ஒரு நாள் கேட்டுக்கு வெளியே வந்து சொன்னார். என் மகனை மற்ற பிள்ளைகளோடு உட்கார வைப்பதே இல்லையாம். செருப்பு ஸ்டாண்டு இருக்கிற அறையில் சுவரைப் பார்த்து ஒரு நாற்காலி, கையில் போன். சேர்த்துப் படிக்க வைக்கிறோம் என்று வாங்கிய 18,000 ரூபாய்க்கு அதுதான். ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் “நாளைக்கு அவனுக்கு லீவு போட்டுடுங்க” என்று எனக்கு மெசேஜ் வந்தது.

நான் கேட்காமல் விட்டதை நீங்கள் கேளுங்கள். பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இந்த மூன்று பேரும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில், பதிவு செய்திருக்க வேண்டும். அது 1992ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு எண்ணை வாங்கி அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கு ஆர்சிஐ பதிவு கிடையாது, அவரிடம் பி.ஓ.டி. என்ற ஆக்குபேஷனல் தெரபி பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைக் கேட்டால் கோபப்படுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பணத்தை மாதா மாதம் மட்டும் கட்டுங்கள், கம்ப்யூட்டர் பில் வாங்குங்கள். வாரம் ஒரு செஷனாவது உள்ளே உட்கார விடுவார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். ஸ்கூலைப் பொறுத்தவரை, பெற்றோர் வந்து பார்க்க என்று அவர்களே வைக்கிற ‘ஓபன் டே’யில் போய்ப் பார்க்காதீர்கள், சாதாரண நாளில் பதினோரு மணிக்குச் சொல்லாமல் போய், ஏற்கெனவே அங்கே இருக்கிற நம்மைப் போன்ற குழந்தை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

இலவசமாக இருப்பதையும் முதலிலேயே தேடியிருக்கலாம். 2013இல் தொடங்கிய மத்திய அரசின் ஆர்பிஎஸ்கே என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் டிஇஐசி என்று மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையங்கள் இருக்கின்றன, பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்ப்பார்கள். எங்களை அங்கன்வாடி டீச்சர்தான் எழுதிக் கொடுத்து அனுப்பினார். அங்கே இருந்த ஸ்பீச் தெரபிஸ்ட் முதல் நாளே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். முறுக்கை முழுசாகக் கொடுக்காதீர்கள், சின்னதாக உடைத்து ஒரு துண்டு கொடுத்துவிட்டு அடுத்த துண்டை உங்கள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு காத்திருங்கள், அவன் பார்க்கும்வரை பேசாதீர்கள் என்றார். அவ்வளவுதான் முதல் பாடம். ஒன்பதாவது நாள் அவன் முறுக்கைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான்.

மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் விண்ணப்பித்திருக்கிறோம், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவுக்கும் ஒரு பகுதி உண்டு.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, திருப்பித் தர மாட்டோம் என்று ஃபார்மில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்றார்கள். அதைப் பார்த்துப் பயந்து விட்டுவிடாதீர்கள். நான் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு 30,000 வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன், கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்காமல் நாமே பேசலாம். அந்தத் துண்டுச் சீட்டு, ஜிபே பதிவுகள், வேறு குழந்தையின் பெயர் இருந்த அறிக்கை, ஆண்டு விழா மெசேஜ் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. படிக்கட்டில் உட்கார்ந்த அந்த அம்மாவும் இப்போது மனு எழுதிக்கொண்டிருக்கிறார். வேறு யாராவது இப்படி மொத்தப் பணம் கட்டியிருந்தால் சீட்டைத் தூக்கிப் போடாமல் வையுங்கள், மனு எப்படி எழுதுவது என்று நான் சொல்கிறேன்.