முதல் ரீஃபர் ட்ரெய்லர்: புதியதா, பழையதா, வாடகைக்கா?

டொரொண்டோவில் சொந்த ட்ரக் எடுத்து, ரீஃபர் எனப்படும் குளிரூட்டும் ட்ரெய்லர் தேடும் தம்பிமார் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணை, தெர்மோ கிங் நல்லதா, கேரியர் நல்லதா?" என்றுதான். இரண்டும் ட்ரெய்லரின் குளிரூட்டும் யூனிட் செய்யும் கம்பெனிகள். அந்தக் கேள்வியை நான் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். தனி டீசல் எஞ்சினில் ஓடும் அந்த யூனிட் கெட்டால் பழுது பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம். பெட்டி கெட்டுப்போனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் முதலில் முடிவெடுக்க வேண்டியது புதிய பெட்டியா, பழையதா, வாடகையா என்பதை.

புதிய 53 அடி ரீஃபரின் விலை குளிரூட்டாத சாதாரண ட்ரை வேன் ட்ரெய்லரைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வாரண்டி இருக்கிறது, நிம்மதியாகத் தூக்கம் வருகிறது, சரி. ஆனால் லோட் குறைந்த மாதத்திலும் தவணை குறையாது. முதல் வருடத்தில் எந்த லோட் எப்போது கிடைக்கும் என்றே பிடிபடாத ஒருவருக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

பழையது வாங்குவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன். என் முதல் ட்ரெய்லரின் பெட்டிக்கு ஒன்பது வயது. யூனிட் மட்டும் புதிதாகச் சீர்செய்தது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்கி வாங்கிவிட்டேன். ஜூலை மாதம் ஐஸ்கிரீம் ஏற்றி மைனஸ் 20 ஃபாரன்ஹீட் வைத்தேன். யூனிட் ஒரு நிமிடம்கூட ஓயாமல் ஓடியும் மைனஸ் 8-ஐத் தாண்டி இறங்கவில்லை. இறக்குமிடத்தில் லோட்டைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு உள்சுவரில் ஒரு துண்டை வெட்டிப் பார்த்தால், குளிரைக் காக்கும் ஃபோம் முழுக்கத் தண்ணீர். ஃபோர்க்லிஃப்ட் குத்திய கிழிசல்களின் மேல் ஒட்டுப்போட்டு மறைத்திருந்தார்கள். கழுவும்போதெல்லாம் அதன் வழியே நீர் இறங்கியிருக்கிறது.

ஃபோம் எப்படியும் வயதாக ஆகக் குளிரைப் பிடிக்கும் திறனை இழக்கும். நனைந்தால் அந்தத் திறன் போனதுதான். ஆகவே பழையதைப் பார்க்கப் போகும்போது மூன்று வேலை செய்யுங்கள். வெறும் ட்ரெய்லரை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள்; தயாரிப்பாளர் சொல்லும் வெற்று எடையைவிடப் பல நூறு பவுண்டு கூடியிருந்தால் அது பெரும்பாலும் தண்ணீர்தான். உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொல்லி, எங்காவது வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். மதிய வெயிலில் பூச்சியம் ஃபாரன்ஹீட் வைத்து, அந்த அளவுக்கு வந்தபின் யூனிட் எவ்வளவு நேரம் ஓய்ந்து நிற்கிறது என்று கவனியுங்கள். விற்பவர் இதற்கு நேரமில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

பராமரிப்புத் தாள்களையும் கேட்டு வாங்குங்கள். சரக்குக் காப்புறுதியில் ரீஃபர் பழுதுக்கான பகுதியைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும். லோட் கெட்டுப்போனால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பதே அந்தத் தாள்களைத்தான்.

கலிஃபோர்னியா ஓட்டம் நினைப்பில் இருந்தால் யூனிட் எஞ்சினின் மாடல் ஆண்டு முக்கியம். ஒன்டாரியோவில் பதிந்த ட்ரெய்லராக இருந்தாலும், அந்த மாநிலத்துக்குள் போகிற யூனிட் அவர்களுடைய புகை விதிக்குக் கட்டுப்பட்டது. ஏழு வருடம் கடந்த எஞ்சின் கடுமையான அளவை எட்டாவிட்டால் வடிகட்டி பொருத்த வேண்டும், அல்லது எஞ்சினையே மாற்ற வேண்டும். ஐந்து வயது யூனிட்டை மலிவாக வாங்கியவருக்கு இரண்டு வருடத்தில் அந்தச் செலவு வரலாம்.

வாடகையில் மாதக் காசோடு யூனிட் ஓடிய மணிக்கும் தனியாக எடுப்பார்கள். கீரை, பழம் ஏற்றுபவருக்கு இது உறைக்கும். உறைந்த சரக்கில் யூனிட் நின்று நின்று ஓடலாம். லெட்யூஸ் அப்படியில்லை, அது உயிரோடு மூச்சுவிட்டு வெப்பம் விடுகிற சரக்கு. 34 டிகிரி ஃபாரன்ஹீட்டில் காற்று விடாமல் சுற்ற வேண்டும், எஞ்சினும் ஓடிக்கொண்டே இருக்கும், மணிக்கு அரை முதல் ஒரு கேலன் டீசலும் போகும். இருந்தும் முதல் ஆறு மாதத்துக்கு வாடகைதான் என் தேர்வு. ஒன்டாரியோவின் லீமிங்டன் தக்காளியை அமெரிக்காவுக்கு ஏற்றிப் போய், திரும்பும்போது கலிஃபோர்னியாவின் சலீனாஸ் கீரையோடு வருவதா, அல்லது ஒன்டாரியோவுக்குள் உறைந்த இறைச்சி ஓடுவதா என்று அந்த ஆறு மாதத்தில் தெரிந்துவிடும். அதன்பிறகு நாலைந்து வயதுள்ள ஒன்றைச் சோதித்து வாங்கலாம்.

அச்சிலும் இரண்டு வகை. அகன்று நிற்கும் ஸ்ப்ரெட் ஆக்ஸில் அமெரிக்காவில் பின்பக்கம் 40,000 பவுண்டு தாங்கலாம். நெருங்கி நிற்கும் டாண்டமுக்கு 34,000 தான். எடையைச் சரிசெய்யும் தலைவலி ஸ்ப்ரெட்டில் குறைவு. ஆனால் திரும்பும்போது டயர் தேயும். கலிஃபோர்னியாவில் 53 அடி ட்ரெய்லருக்கு, ட்ரக்கோடு இணைக்கும் முன்பக்கக் கிங்பின்னிலிருந்து கடைசி அச்சு வரை 40 அடிதான் அனுமதி. நகராத ஸ்ப்ரெட் பொதுவாக அதற்குள் அடங்காது. புதியவருக்கு நகர்த்தக்கூடிய டாண்டம் போதும். பல அறை, பல வெப்பநிலை ட்ரெய்லர் இப்போது வேண்டாம்; அது கடை கடையாக இறக்குபவர்களுக்கானது.

இனி அந்த முதல் கேள்வி. தெர்மோ கிங்கில் யான்மார் எஞ்சின், கேரியரில் குபோட்டா, இரண்டும் உழைக்கும். கேரியரின் வெக்டர் வகையில் எஞ்சின் மின்சாரம் தயாரிக்க, கம்ப்ரெஸர் அந்த மின்சாரத்தில் ஓடுகிறது. யார்டில் பிளக் இருந்தால் டீசல் இல்லாமலே குளிர வைக்கலாம். ஆனால் அதன் மின்பகுதியில் கோளாறு வந்தால் எல்லா மெக்கானிக்கும் கை வைக்கமாட்டார்கள். அதனால் நீங்கள் அடிக்கடி ஓடுகிற சாலையில், ஞாயிறு இரவும் போனை எடுக்கிற சர்வீஸ் கடை எந்தப் பெயருக்கு இருக்கிறது என்று பாருங்கள். என் யார்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் தெர்மோ கிங் பழகிய ஒருவர் இருக்கிறார். நான் அதை வைத்திருப்பதற்கு வேறு காரணமில்லை.