பதிவா, நேரலையா? பிரெஞ்சு மொழியில் தமிழ் கற்பித்தல்

புதுச்சேரியிலிருந்து இணையவழியில் தமிழ் கற்பிக்கிறேன். மாணவர்கள் பாரீசிலும், இந்தியப் பெருங்கடலில் பிரான்சின் பகுதியாக உள்ள ரீயூனியன் தீவிலும் இருக்கிறார்கள். 1848இல் அத்தீவில் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்காகப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் சிலர். அவர்களிடம் தமிழ்ப் பெயர் மிஞ்சியிருக்கிறது, தமிழ் இல்லை. பாடத்தைப் பிரெஞ்சில்தான் விளக்க வேண்டும். எனக்கோ அது பள்ளியில் படித்துப் பெற்ற மொழி.

முதலில் பதிவு வகுப்பைத்தான் நம்பினேன். உரையை எழுதி, பிரெஞ்சு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பெரியம்மாவிடம் காட்டித் திருத்திக்கொண்டு பேசலாம். பிரெஞ்சில் மேசையும் நாற்காலியும் பெண்பால், புத்தகம் ஆண்பால். அஃறிணைக்கு ஆண், பெண் பார்க்காத நம் மனத்தில் அது எளிதில் படிவதில்லை. பத்து நிமிடப் பாடத்துக்கு ஒரு முழு மாலை செலவாகும். ஆனால் பிழை இருக்காது. எழுத்தின் சுழியை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதை மாணவர் பத்து முறை திருப்பிப் பார்க்கலாம். எழுதப் பழக இதைவிட நல்ல வழி இல்லை என்று இன்றும் சொல்வேன்.

பேசப் பழகப் பதிவு உதவவில்லை. அவர்கள் வாயில் ழகரம் லகரமாகிக்கொண்டிருந்தது. நேரலைக்கு வந்த பிறகே என் காதில் விழுந்தது.

நேரலையில் தடுமாற்றம் உண்டு, மறைக்க மாட்டேன். பிரெஞ்சில் மேலே என்பதற்கும் கீழே என்பதற்கும் ஒலியில் ஓர் உயிர்தான் வேறுபாடு. மேலே என்று சொல்ல, நாக்கு இகரத்துக்கும் உதடு உகரத்துக்கும் நிற்க வேண்டும். நான் வெறும் உகரமாகச் சொன்னேன். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கச் சொன்னால் வகுப்பு முழுவதும் எழுத்தின் கீழே வைத்தது. அங்கேயே ஒருவர் என் உச்சரிப்பைத் திருத்தினார். அதுவரை வாய் திறக்கக் கூசியவர்கள் அன்றுதான் தமிழை உரக்கச் சொல்லத் தொடங்கினார்கள். எண்களும் அப்படித்தான்: தொண்ணூற்றிரண்டைப் பிரெஞ்சில் நாலிருபது பன்னிரண்டு என்கிறார்கள். பேச்சுவேகத்தில் அதைப் பிடிக்க எனக்கு மாதங்கள் ஆயின.

எந்தப் பதிவு உரையிலும் நான் எழுதியிருக்க முடியாத கேள்விகள் நேரலையில் வந்தன. ராமசாமி என்ற தம் குடும்பப் பெயரில் ஏன் இரண்டு எஸ் என்று ஒரு பெண் கேட்டார். பிரெஞ்சில் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றை எஸ் வந்தால் இஸட் ஒலி பெறும். எழுதியவர் தமிழ் ஒலியைக் காக்கவே அதை இரட்டித்திருக்கிறார். நம் ஊரிலும் முத்துவின் உகரத்துக்கு ஓ, யு என்று இரண்டு எழுத்துப் போட்டவர்கள் உண்டு என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

பிழையில்லாமல் பேச வருகிறதே என்று ஆங்கிலத்திலும் சில வகுப்புகள் நடத்திப் பார்த்தேன். பிரெஞ்சே மேல். பிரெஞ்சின் 'த' நம் தகரத்தைப் போலப் பல்லைத் தொடும், 'ப'வில் மூச்சு வெடிக்காது. ஆங்கில ஒலிகள் இரண்டிலும் விலகிப்போகும். நீ, நீங்கள் வேறுபாட்டுக்கும் பிரெஞ்சில் தனிச் சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் ஒன்றுதான். நாம், நாங்கள் மட்டும் இரு மொழியிலும் விளக்கம் கேட்கும்.

தமிழிலேயே பேசித் திரையில் மொழிபெயர்ப்பு ஓடவிடுவது புதியவர்களுக்கு ஒத்துவராது. கண் வரியைப் படிக்கும்போது காது மூடிக்கொள்கிறது.

இப்போது எழுத்துப் பாடங்கள் பதிவில், பேச்சு நேரலையில். ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்பவர்களுக்கு நேரலையையே சொல்கிறேன். இரவு 8.30க்குத் தொடங்கினால் ரீயூனியனில் மாலை 7 மணி. பாரீசில் குளிர்காலத்தில் 4, கோடையில் 5. அங்கே கடிகாரத்தை மாற்றும் மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளுக்கு முன்பே எல்லாருக்கும் நினைவூட்டிவிடுங்கள்.