மேல்வயிற்று உபாதைக்கான பரிசோதனைகள்: எது கைகொடுக்கும், எது ஏமாற்றும்

நெஞ்சுக்குழியில் எரிச்சல், ரெண்டு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிட்ட உணர்வு, பிறகு உப்புசம், குமட்டல். மாதக்கணக்கில் விடாமல் இருந்தாலும் எல்லாவற்றையும் ‘கேஸ்ட்ரிக்’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். அந்த மூட்டைக்குள் இரைப்பைப் புண் இருக்கலாம், ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி இருக்கலாம். பித்தப்பைக் கல், கணைய அழற்சி, வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரையின் பக்கவிளைவு, வயிற்றுத் தசை வலி, அபூர்வமாக மாரடைப்பு என்று எதுவும் இருக்கலாம். பரிசோதனை மையங்களோ இத்தனைக்கும் சேர்த்து ‘வயிறு பேக்கேஜ்’ என்று ஒன்றை நீட்டுகின்றன. அதில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடைபோட்டிருக்கிறோம். கருவி பொய் சொல்வது குறைவு. தவறான நாளில், தவறான மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய் உட்காருவதுதான் பெரும்பாலும் முடிவைக் கெடுக்கிறது.

முதலில் கழிக்க வேண்டியது, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பத்து நிமிடத்தில் கோடு காட்டும் பைலோரி கிட். அது கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடல் செய்த ஐஜிஜி எதிர்ப்பொருளைத் தேடுகிறது. கிருமி ஒழிந்த பிறகும் அந்த எதிர்ப்பொருள் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். சிகிச்சை முடித்தவர் இதை வாங்கிப் பார்த்து, கோடு தெரிந்ததும் பதறி மறுபடி ஆன்டிபயாடிக் கேட்பது வீண் வேலை. வாங்க வேண்டாம்.

அதே கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வது மூச்சுப் பரிசோதனை. பைலோரி கிருமி யூரியேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. கார்பன் 13 சேர்த்த யூரியாவை, வழக்கமாக 75 மி.கி. அளவில், புளிப்பான ஒரு பானத்தில் கலந்து குடிக்கக் கொடுப்பார்கள். கிருமி இருந்தால் அந்த யூரியா உடைந்து, குறியிட்ட கரியமில வாயு ரத்தத்தில் கலந்து மூச்சில் வெளிவரும். பானத்துக்கு முன் ஒரு பை மூச்சு, பானம் குடித்து 20 முதல் 30 நிமிடம் கழித்து இன்னொரு பை. இடைப்பட்ட நேரத்தில் நடக்கக்கூடாது, புகைக்கக்கூடாது, எதையும் சாப்பிடக்கூடாது. ஊதுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. மூச்சை இழுத்துச் சில நொடி அடக்கி, முதலில் வரும் காற்றை வெளியே விட்டுவிட்டு, நுரையீரலின் அடியிலிருந்து வரும் கடைசிப் பங்கைப் பைக்குள் ஊத வேண்டும். வாயில் தங்கிய காற்றை ‘புஸ்’ என்று ஊதிக் கொடுத்தால் மாதிரி நீர்த்துப்போகும், பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டி வரும்.

முறையாகச் செய்தால் இதன் துல்லியம் 95 சதவீதத்துக்குக் குறையாது. அந்த ‘முறையாக’ என்ற சொல்லில்தான் சிக்கல். பான்டோபிரசோல், ஒமிப்ரசோல், ரபெப்ரசோல் வகை அமிலக் குறைப்பு மாத்திரைகளை 2 வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். ஆன்டிபயாடிக்கும் பிஸ்மத் மருந்தும் 4 வாரம். இவை கிருமியை முழுதாகக் கொல்லாமல் அமுக்கி வைக்கும். எண்ணிக்கை குறைந்து, முடிவு ‘இல்லை’ என்று வரும், சில வாரத்தில் கிருமி தலைதூக்கும். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: ‘அசிடிட்டி மாத்திரை எதுவும் எடுக்கவில்லை’ என்பார்கள், கையில் வைத்திருக்கும் ‘வாந்தி மாத்திரை’ டோம்பெரிடோனோடு ரபெப்ரசோல் சேர்ந்த கூட்டு மாத்திரையாக இருக்கும். பட்டையைத் திருப்பி, பொடி எழுத்தில் உள்ள பெயரைப் படித்தால்தான் தெரியும். அந்த 2 வாரம் எரிச்சல் தாங்கவில்லை என்றால் சாதாரண ஆன்டாசிட் சிரப் போதும். ஃபாமோடிடினும் எடுக்கலாம், ஆனால் பரிசோதனைக்கு ஓரிரு நாள் முன்பு அதையும் விட்டுவிட வேண்டும்.

மாத்திரை எடுத்துக்கொண்டே ஊதி ‘உண்டு’ என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம், ‘இல்லை’ என்று வந்தால் நம்பக்கூடாது. சிகிச்சைக்குப் பின் கிருமி போய்விட்டதா என்று பார்ப்பதற்கும் இதே கணக்குத்தான்: ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம், அமிலக் குறைப்பு மாத்திரை நிறுத்தி 2 வாரம். சில மையங்களில் கார்பன் 14 வகை இருக்கும். அதில் மிகச் சிறிய அளவு கதிரியக்கம் உண்டு என்பதால் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கார்பன் 13 தான் சரி. எது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மூச்சுப் பரிசோதனை இல்லாத இடத்தில் மலத்தில் ஆன்டிஜென், அதாவது கிருமியின் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல மாற்று. ஆய்வகத்தில் எலைசா முறையில் செய்வதைக் கேளுங்கள், கோடு காட்டும் கேசட் வகை அவ்வளவு நம்பகமில்லை. மாத்திரை விதி இதற்கும் அப்படியே.

அடுத்து எண்டோஸ்கோப்பி, அதாவது வாய்வழியே கேமராக் குழாயை விட்டு உள்ளே பார்ப்பது. பயப்படுகிறவர்கள் தள்ளிப்போடுகிறார்கள், அவசரப்படுகிறவர்கள் முதல் வாரமே போய் நிற்கிறார்கள். அமெரிக்க, கனடிய குடல் மருத்துவ அமைப்புகள் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு விடாத மேல்வயிற்று உபாதை இருந்தால் எண்டோஸ்கோப்பி. அதற்குக் கீழே என்றால் முதலில் பைலோரி பரிசோதனை. ஆனால் விழுங்கும்போது அடைப்பு, காரணமில்லாமல் எடை குறைவது, தார் மாதிரி கருப்பு மலம், ரத்தசோகை, நிற்காத வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த வயதென்றாலும் மருத்துவரிடம் சொல்லி இதை முன்னால் கொண்டுவர வேண்டும்.

திட உணவை நிறுத்தி 6 மணி நேரம், தெளிந்த நீரை நிறுத்தி 2 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே, தேவைப்பட்டால் மிடாசோலாம் ஊசி. ஊசி போட்டால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது. எடை குறைப்புக்கோ சர்க்கரைக்கோ செமக்ளூடைட் போன்ற ஊசி போடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அந்த மருந்தில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், பட்டினி இருந்தும் உள்ளே உணவு கிடக்கும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்துவதும் தப்பு. அது மருத்துவர் சொல்ல வேண்டிய முடிவு.

எண்டோஸ்கோப்பியின் தரம் கேமராவில் இல்லை, உள்ளே இருந்த நேரத்திலும் எடுத்த சதைத் துணுக்கிலும் இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் குழாயை வெளியே எடுத்துவிடும் இடம் வேண்டாம். ஐரோப்பியத் தர அளவுகோல் முழு ஆய்வுக்குக் குறைந்தது 7 நிமிடம் கேட்கிறது. அடுத்து பயாப்ஸி, அதாவது சதைத் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தாலும் இரைப்பையின் அடிப்பகுதியில் 2, வளைவில் 1, உடற்பகுதியில் 2 என ஐந்து துணுக்குகள் எடுப்பது சிட்னி முறை. பைலோரியும், சவ்வு மெலிந்துபோவதும் இதில் பிடிபடும். சீலியாக் (கோதுமை ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) சந்தேகம் இருந்தால் முன்சிறுகுடலிலிருந்து குறைந்தது நான்கு வேண்டும், அதுவும் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் காலத்தில். முன்பே கோதுமையை விட்டுவிட்டால் குடல் ஆறிப்போய் ஒன்றும் தெரியாது.

சில இடங்களில் துணுக்கை மஞ்சள் ஜெல்லில் போட்டு நிறம் பார்ப்பார்கள். கிருமி இருந்தால் மஞ்சள் மெல்ல இளஞ்சிவப்பாக மாறும், சிலருக்குச் சில நிமிடங்களில், சிலருக்குச் சில மணி நேரத்தில். பத்து நிமிடம் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதித் தூக்கிப் போடுவது தப்பு, ஒரு நாளைத் தாண்டி மாறிய நிறத்தை நம்புவதும் தப்பு. புண்ணில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தாலும் ‘இல்லை’ என்று பொய்யாக வரும்.

அறிக்கையில் ‘லேசான ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ்’ (இரைப்பையின் அடிப்பகுதியில் அழற்சி) என்ற வரி ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். சிவப்பாகத் தெரிந்தது என்பதைத் தாண்டி அதற்குப் பெரிய பொருள் இல்லை. கண்ணால் பார்த்த சிவப்புக்கும் நுண்ணோக்கியில் தெரியும் அழற்சிக்கும் பொருத்தம் குறைவு. இரைப்பையில் புண் என்று வந்திருந்தால் கதை வேறு: பயாப்ஸி எடுத்தார்களா என்று பாருங்கள், சில வாரச் சிகிச்சைக்குப் பின் மறுபடி பார்க்கச் சொன்னார்களா என்றும் பாருங்கள். அமிலக் குறைப்பு மாத்திரையில் புற்றுநோய்ப் புண்ணின் மேற்பரப்புகூட ஆறிய மாதிரி தெரியும்.

வயிற்று அல்ட்ராசவுண்ட் பித்தப்பைக் கல்லுக்கு அருமையானது, இரைப்பைக்கு அல்ல. புண்ணை அது காட்டாது, குடல் காற்று மறைத்தால் கணையமும் சரியாகத் தெரியாது. வெறும் வயிற்றில், 6 முதல் 8 மணி நேரம் கழித்துச் செய்ய வேண்டும். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும். கல் தெரிந்தவுடன் குற்றவாளி கிடைத்துவிட்டதாக நினைத்துப் பித்தப்பையை எடுத்துவிட்டு, பழைய உப்புசம் அப்படியே இருக்கிறதே என்று வருந்துகிறவர்கள் நிறைய. கல்லால் வரும் வலி அரை மணி நேரத்துக்கு மேல், சில மணி நேரம் வரை விடாமல் பிடிக்கும், வலப்பக்கமோ நடுவிலோ வரும், தோள்பட்டைக்கோ முதுகுக்கோ பரவும், தூக்கத்திலிருந்து எழுப்பும். தினசரி ஏப்பமும் உப்புசமும் கல்லின் வேலை அல்ல.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் கட்டாயம் வேண்டும். கல்லீரல் நொதிகளும் கணைய நொதியான லைபேஸும் வலி இருக்கும்போதோ அடுத்த சில மணி நேரத்திலோ எடுத்தால்தான் பேசும். பித்தக்குழாயில் சிக்கிய கல் நழுவிப் போய்விட்டால் ஓரிரு நாளில் எண்கள் இறங்கத் தொடங்கிவிடும். அடுத்த வாரம் நிதானமாகப் போய் எடுத்தது ‘நார்மல்’ என்று வந்தால் அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. பேக்கேஜில் சேர்த்துவிடும் சிஏ 19-9 என்ற புற்றுநோய்க் குறியீட்டுச் சோதனை அறிகுறிக்கான காரணத்தைத் தேடும் கருவி அல்ல, தேவையில்லாத பீதிதான் மிச்சம்.

காசு கேட்காத பரிசோதனை ஒன்று உண்டு, எந்தப் பேக்கேஜிலும் அது வராது. மல்லாந்து படுத்து, வலிக்கும் இடத்தில் விரலை அழுத்தி, தலையையும் தோளையும் தூக்க வேண்டும். வயிற்றுத் தசை இறுகும்போது வலி கூடினால் அது உள்ளுறுப்பில் அல்ல, வயிற்றுச் சுவரில் இருக்கும் வாய்ப்பு அதிகம். எத்தனையோ ஸ்கேன்களை மிச்சப்படுத்தும் சோதனை இது. அதேபோல நடந்தால் வந்து, நின்றால் அடங்கும் நெஞ்சுக்குழி வலிக்கு முதலில் ஈசிஜி. வியர்வை, மூச்சுத்திணறலோடு திடீரென வந்தால் ஆய்வகத்துக்கு அல்ல, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு.

எல்லாம் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ‘ஒன்றுமில்லை, மனசுதான்’ என்று அனுப்பிவிடுவது மோசமான சேவை. அதற்கு ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா என்று பெயர் உண்டு. அறிகுறி தொடங்கி 6 மாதமாவது ஆகி, கடைசி 3 மாதமாகத் தொடர்ந்திருந்தால் இத்தகைய குடல் கோளாறுகளை வரையறுக்கும் ரோம் 4 அளவுகோல் அப்படிச் சொல்கிறது. அதற்கென்று மருந்துகளும் இருக்கின்றன. வாந்தியும் சீக்கிரம் வயிறு நிறைவதும் மேலோங்கி இருந்தால், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு, இரைப்பை காலியாகும் வேகத்தை அளக்கும் ஸ்கேன் உதவும். கதிரியக்கக் குறியிட்ட உணவைச் சாப்பிடவைத்து, 4 மணி நேரம் கழித்தும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இரைப்பையில் தங்கினால் தாமதம் என்று கணக்கு. டோம்பெரிடோன் போன்றவற்றை 2 நாள் முன்பே நிறுத்த வேண்டும், அன்றைக்குச் சர்க்கரை எகிறியிருந்தால் தள்ளிவைக்க வேண்டும். 2 மணி நேரத்திலேயே ‘முடிந்தது, எழுந்திருங்க’ என்று சொல்லும் மையமாக இருந்தால், முன்பதிவு செய்யும்போதே கேட்டுக்கொண்டு வேறு இடம் பார்ப்பது நல்லது.