இரட்டைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் பைக்: விற்ற பிறகு ஒரு மதிப்புரை

11 ஆண்டுகள் என்னிடம் இருந்த இந்த வண்டி, குறைந்த வேகத்தில் மந்தமாக உருண்டு, எஞ்சின் சுழற்சி கூடியதும் திடீரென்று சீறிப் பாயும் இயல்புடையது. அந்த ஒரு கணத்துக்காகவே மற்றவற்றைப் பொறுத்துக்கொண்டேன். பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்தே எரிவதால், நெரிசலில் மெதுவாக ஊர்ந்தால் ஸ்பார்க் பிளக்கில் கரி படிந்து ஒரு சிலிண்டர் அடங்கிவிடும். மாற்றுப் பிளக்குகள் இரண்டு எப்போதும் என் சட்டைப்பையில் இருந்தன. பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் இரு கார்புரேட்டர்களையும் ஒரே சீராக வைப்பது தனிக்கலை. தினசரி அலுவலகம் செல்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடைசியில், எஞ்சினின் சுழல்தண்டைச் சுற்றி அடைக்கும் கிராங்க் ஆயில் சீல் தேய்ந்து காற்று உள்ளே புகுந்ததால், கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறைந்து, சூடேறிய பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் பிடித்துக்கொண்டது. சரிசெய்த பிறகு, உதைத்துக் கிளப்ப என் முழங்கால்தான் மறுத்தது. வாங்க வந்த இளைஞர் ஐந்தாவது உதையில் கிளப்பினார். எனக்கு மூன்றே போதும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.